மறைந்தவர் அருகில் இருப்பதாகச் சொல்பவருக்குத் துணை நிற்பது எப்படி

கணவரை இழந்த அம்மா, கருமாதி முடிந்து சில வாரம் கழித்து, "சாயங்காலமானா அப்பா வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடுற சத்தம் கேக்குது" என்று சொன்னால், மறுக்காமல் கேட்பதுதான் வீட்டார் முதலில் செய்ய வேண்டியது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இதைக் காத்து கருப்பு என்று சொல்லி மந்திரிக்க அழைத்துப் போகும் வழக்கம் இன்னும் உண்டு, தயவுசெய்து அவசரப்படாதீர்கள். வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேர் மறைந்தவரை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள். பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்தும், அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள். அப்பாவுடைய கட்டிலையும் சட்டைகளையும் எப்போது எடுப்பது என்பதை அம்மாவே சொல்லட்டும். தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து கெட்டாலோ, "நானும் கூடவே போயிடணும்" என்ற பேச்சு வந்தாலோ, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வெற்று நாற்காலியைப் பார்த்து அம்மா பேசினால் தடுக்க வேண்டாம். பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்து மேடையான கூத்துமாடத்தில், வெள்ளைத் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, கம்பராமாயணப் பாடல்களைப் பாடித் தோல்பாவைக்கூத்து நடத்தும் புலவர்கள், எதிரே ஒரு மனிதர்கூட இல்லாவிட்டாலும் இரவெல்லாம் பாடுகிறார்கள். தாருகன் என்ற அசுரனோடு போரிட்டதால் இராவண வதத்தைக் காண முடியாமற்போன பத்ரகாளி எதிரே இருந்து பார்க்கிறாள் என்பது அவர்கள் நம்பிக்கை. காணாத ஒருவரை முன்னிருத்திப் பேசுவது நம் மண்ணில் புதிதன்று.

கணினி வழியாக அப்பாவை மீண்டும் காட்டும் யோசனையில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 2020இல் தென்கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சி, நோயில் இழந்த மகளை ஒரு தாய் கண்ணில் மாட்டும் மெய்நிகர்க் (VR) கண்ணாடி வழியே சந்திப்பதை ஒளிபரப்பியது. நாம் தலையைத் திருப்பும்போது காட்சியும் உடனே திரும்புவதால், உருவம் சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் அங்கேயே நிற்பதாக உடல் நம்பிவிடுகிறது. துக்கத்திலிருப்பவரை அது எவ்வளவு ஆழமாகத் தொடும் என்பதை முன்கூட்டிக் கணிக்க முடியாது. ஆகவே முதலில் அப்பாவுடைய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை, போன் பழுதாகும் முன்பே, வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். அம்மா கேட்டால் மட்டும், பக்கத்தில் உட்கார்ந்து, அவற்றை வெட்டாமல் ஒட்டாமல் போட்டுக் காட்டுங்கள். அவர் சொல்லாத வார்த்தையை அவர் குரலில் உருவாக்கித் தருவதாக யார் சொன்னாலும், அம்மாவின் சம்மதமில்லாமல் ஒரு பதிவைக்கூடக் கொடுக்காதீர்கள்.