ஆங்கிலச் சொல்லில் எந்த அசையை அழுத்துவது?

நாம் ஆங்கிலம் பேசும்போது எல்லா அசைகளுக்கும் ஒரே கனம் கொடுத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஓர் அசைதான் ராஜா, அதைக் கொஞ்சம் நீட்டி, குரலை ஏற்றிச் சொல்ல வேண்டும், மற்றவை வாய்க்குள்ளேயே தேய்ந்துபோகும்.

'பனானா'வை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் 'னா' மட்டும்தான் முழுசாக ஒலிக்கும். முன்னும் பின்னும் அதே ஆங்கில எழுத்து 'a' இருந்தாலும் வருவது ஒரு மங்கிய அகரம், ப-னா-ன. இந்த ஒலிக்கு ஷ்வா என்று பெயர். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். நம் 'நாக்கு'வில் கடைசி உகரம் உதடு குவியாமல் குறுகுகிறதே, கிட்டத்தட்ட அந்தச் சோம்பல்.

அப்புறம், அழுத்தம் இடம் மாறும். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் முதல் அசை. படம் எடுப்பவரைச் சொல்லும்போது அது இரண்டாவதுக்குத் தாவி, 'ஃப-டாக்-ர-ஃபர்' ஆகிவிடும், 'ஃபோ' இருந்த இடமே தெரியாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையை அழுத்துங்கள்: எஜு-கே-ஷன். 'இக்' என்று முடிந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் 'பாலிடிக்ஸ்' மாதிரி அடங்காத சொற்களும் உண்டு, அதில் 'பா'தான் பலம். 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லானால் முதல் அசை, வினையானால் இரண்டாவது. சந்தேகம் வந்தால் அகராதியில் உச்சரிப்பைப் பாருங்கள். மேலே ஒரு சின்னக் கோடு நிற்கும், அதை அடுத்து வருவதுதான் அழுத்த வேண்டிய அசை.