1/35 சினூக் கிட்: பசைய தொடுறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும், டீட்டெய்ல் எங்க போடணும்

1/35 ஸ்கேல்ல, அதாவது நிஜத்துல 35ல ஒரு பங்கு அளவுல, சினூக் (முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு மேல சுத்துற ரெண்டு ரோட்டார் இருக்குற ராணுவ ஹெலிகாப்டர்) பிளாஸ்டிக் மாடல் கட்டணும்னா முதல்ல அளவ மனசுல வாங்கிக்கங்க. நிஜத்துல ஒரு ரோட்டாரோட விட்டம் 60 அடி, மாடல்ல அது 52 செ.மீ., உடம்பு மட்டும் 44 செ.மீ. கிட்ட வரும், ரெண்டு ரோட்டாரையும் விரிச்சு வெச்சா நுனிக்கு நுனி 86 செ.மீ. இத எங்க வைக்கப் போறோம்னு இப்பவே யோசிச்சுட்டா பிளேட (ரோட்டாரோட இறக்கைய) ஒட்டணுமா இல்ல கழட்டி மாட்டுற மாதிரி விடணுமாங்கறது தன்னால தெரிஞ்சுடும், கழட்டுற மாதிரி விடுறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன்.

பெட்டிய பிரிச்சதும் ரெண்டு பாதி உடம்பையும் மாஸ்கிங் டேப் போட்டு சேத்து லைட்டுக்கு நேரா பிடிச்சு பாருங்க. இவ்ளோ நீள பார்ட் பெட்டிக்குள்ளயே லேசா வளைஞ்சுடும், மேலயும் கீழயும் ஓடுற சீம்ல (ரெண்டு பாதியும் சேர்ற கோட்டுல) வெளிச்சம் எங்க தெரியுதோ அங்க பென்சில்ல ஒரு கோடு போட்டு வெச்சுக்கங்க. அப்புறம் ஸ்கேல் எடுத்து பிளேட அளங்க, டி மாடலோட (சினூக்ல ஒரு வகை) பிளேடு அகலம் நிஜத்துல 32 அங்குலம், உங்க கையில 23 மி.மீ. இருக்கணும். கண்ணாடி பார்ட்ஸ் பின்னாடி அச்சடிச்ச எழுத்து எதையாவது வெச்சு பாருங்க, எழுத்து நெளிஞ்சா காக்பிட்டும் நெளிஞ்சுதான் தெரியும்.

எந்த மாடல் கட்டுறோம்ங்கறத இப்பவே முடிவு பண்ணிடணும். டி மாடல் 1982ல சர்வீஸுக்கு வந்தது, காக்பிட்ல பெரும்பாலும் வட்ட வட்ட மீட்டர். எஃப் மாடல்ல ஸ்கிரீன் வந்துடுச்சு, உடம்புலயும் சின்ன சின்ன தகட ரிவெட் அடிச்சு சேத்ததுக்கு பதிலா பெரிய பெரிய துண்டா கடைஞ்சு எடுத்த சட்டங்கள் நெறய, அதனால டி கிட்ல எஃப் டீக்கால் (ஒட்டுற எழுத்து, குறி) மட்டும் ஒட்டுனா அது எஃப் ஆகாது.

இப்ப உள்பக்கம், முக்கால்வாசி உழைப்பு இங்கதான் போகும். கேபினுக்குள்ள எஜெக்டர் பின் வட்டம் (அச்சுல இருந்து பார்ட்ட தள்ளி விடுற கம்பியோட தடம்) நெறய இருக்கும், எல்லாத்தையும் புட்டி போட்டு தேய்க்க உக்காந்தா வாரக்கணக்குல ஓடிடும். டேப் போட்ட உடம்ப மேசை மேல வெச்சு பின்னாடி ராம்ப் (ஆளும் சாமானும் ஏத்துற சாய்வு கதவு) வழியா சின்ன டார்ச் அடிச்சு எட்டிப் பாருங்க: தரை தெரியும், சீட்டோட கீழ்ப்பாகம் தெரியும், கூரையில பின்பாதி தெரியும், முன்னாடி போகப்போக இருட்டுதான். என் முதல் சினூக்ல முன்பாதி சுவத்துக்கு மூணு வாரம் ஒயர் ஒயரா இழுத்தேன், மூடினப்புறம் அதுல ஒண்ணு கூட கண்ணுல படல, ராம்ப் பக்கத்துல மொட்டையா விட்ட இடம்தான் எல்லார் கண்ணுலயும் பட்டுச்சு. அதனால தெரியுற இடத்துக்கு மட்டும் உயிர கொடுங்க.

சுவத்துல தொங்குற மெத்த மாதிரி சத்தம் தடுக்குற விரிப்புக்கு ஒரு வழி சொல்றேன். அலுமினிய ஃபாயில கட்டம் கட்டமா இருக்குற வலை மேல வெச்சு பஞ்சால மெதுவா அழுத்துனா தையல் போட்ட மெத்த மாதிரியே மேடு பள்ளம் விழும், பின்பக்கம் வெள்ளப் பசைய மெலிசா தடவி காயவிட்டா அமுங்காது, அப்புறம் சுவர் சட்டத்துக்கு நடுவுல அளவா வெட்டி ஒட்டி ஓரத்த ஊசியால லேசா தூக்கி விடுங்க, தொங்குற மாதிரி வந்துடும். சீட் பட்டைக்கு மாஸ்கிங் டேப்ப 1 மி.மீ. கீத்தா வெட்டி குறுக்கும் நெடுக்கும் பின்னுங்க.

உடம்ப மூடும்போது ஒரே மூச்சுல ஒட்டாதீங்க. உள்பக்கம் சின்ன சின்ன பிளாஸ்டிக் துண்ட நாக்கு மாதிரி ஒட்டி, மூக்குல ஆரம்பிச்சு அஞ்சு அஞ்சு செ.மீ.யா பசை விட்டு காயவிட்டு போங்க, பென்சில் கோடு போட்ட இடத்துல இன்னும் நிதானம். சீம தேய்க்கிறப்ப பக்கத்துல இருக்குற ரிவெட் அழியத்தான் செய்யும், நிஜ சினூக்ல ரிவெட் தலை வெளிய புடைச்சு நிக்கும்ங்கறதால குழி போடாம புடைச்ச ரிவெட் டீக்கால் வாங்கி அந்த வரிசைய திரும்ப போட்டுடுங்க.

அமெரிக்க ராணுவ கலர் எஃப்எஸ் 34031 (ஒரு கரும்பச்சை கலரோட நம்பர்), அப்படியே அடிச்சா மாடல்ல கருப்பாட்டம் தெரியும், கொஞ்சம் வெளிறல் சேருங்க. அழுக்கு போடுறப்ப ரெண்டு பைலானுக்கும் (ரோட்டார தாங்கி நிக்கிற மேடு) நடுவுல மேல ஆள் நடக்குற இடத்துல தேய்மானம், இன்ஜின் புகைபோக்கிக்கு பின்னாடி கரி, பின் பைலான் அடியில எண்ணெய் வழிஞ்ச கோடு, இது போதும்.

கடைசியா ரோட்டார். மேல இருந்து பாத்தா முன் ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில சுத்தும், பின் ரோட்டார் கடிகார திசையில. அதனால ரெண்டு செட் பிளேடும் கண்ணாடி பிம்பம் மாதிரி, மாத்தி மாட்டக் கூடாது, தடிச்ச உருண்ட ஓரம்தான் சுத்துற திசைய பாத்து இருக்கணும். நிக்கிற ஹெலிகாப்டர்ல பிளேடு தொங்கும், சூடான தண்ணில (கொதிக்கிற தண்ணி வேண்டாம்) கொஞ்ச நேரம் வெச்சு ஆறு பிளேடையும் ஒரே அளவுக்கு வளைக்க ஒரு அட்டையில வளைவ வரைஞ்சு வெச்சு அதோட ஒப்பிட்டு பாருங்க. நிஜத்துல ரெண்டு ரோட்டாரும் ஷாஃப்டால இணைஞ்சு ஒண்ணோட பிளேடு இன்னொண்ணோட இடைவெளிக்குள்ள பூந்து போகும், மாடல்ல அது சரியா வர ரெண்டு ரோட்டார்லயும் ஒரு பிளேட நேரா வால் பக்கம் பாக்க வெச்சுட்டா போதும், முன்னாடி ரோட்டாரோட பின் பிளேடு பின்னாடி ரோட்டாரோட ரெண்டு முன் பிளேடுக்கும் சரியா நடுவுல வந்து நிக்கும்.