நுகர்வோர் புகாரில் நாம் கோட்டை விடும் இடங்கள்

மதுரை டவுன்ஹால் ரோட்டிலோ விளக்குத்தூண் பக்கமோ பொருள் வாங்கும்போது, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், எஸ்டிமேட் போதும்ல?" என்று கேட்பார்கள். நாமும் தலையாட்டிவிடுவோம். மிக்சி மக்கர் பண்ணும்போது சீட்டைத் தேடி எடுத்தால், அதில் கடைப் பெயர்கூட இருக்காது. பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு என்று திரட்டி வழக்கை நடத்தலாம்தான். ஆனால் பில் இருந்தால் இந்த மல்லுக்கட்டு எதற்கு? பில் தராததையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. மெஷினில் வரும் வழவழப்பான பில் என்றால் அன்றைக்கே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். நம்மூர் வெயிலில் வண்டி டேங்க் கவரில் கிடந்தால் எழுத்தே இருக்காது.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற போர்டைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், கடை திரும்ப எடுத்தாக வேண்டும். சேலை நிறம் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை என்பது இதில் சேராது.

பலர் ஏமாறுவது 1915 விஷயத்தில். இது தேசிய நுகர்வோர் உதவி எண். புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள், பதில் கேட்டுத் தருவார்கள், நிறைய விஷயம் இதிலேயே முடிந்தும்விடும். ஆனால் அவர்களால் உத்தரவு போட முடியாது. "பார்க்கிறோம் சார்" என்று நிறுவனம் இழுத்தடித்தாலும், வழக்குப் போட, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஓடும் இரண்டு வருடக் கெடு நிற்காது. அதைத் தாண்டினால், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டியிருக்கும். சர்வீஸ் சென்டரில் "சரி பண்ணியாச்சு" என்று வாயால் சொல்வதை ஏற்காமல், ஒவ்வொரு தடவையும் ஜாப் ஷீட் (என்ன பழுது, என்ன செய்தார்கள் என்று எழுதித் தரும் சீட்டு) வாங்குங்கள்.

கம்பெனி குர்கானில் இருக்கிறதே என்று மலைக்கவும் வேண்டாம். உசிலம்பட்டியில் குடியிருப்பவர் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இணையம் வழியாகவும் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. கணக்கு கொடுத்த விலைக்குத்தான், கேட்கும் இழப்பீட்டுக்கு அல்ல. அதற்காக 4,000 ரூபாய் மிக்சிக்கு 10 லட்சம் மன உளைச்சல் கேட்டால், உளைச்சலுக்கு ஆதாரம் எங்கே என்பார்கள்.

கடைக்கு வாங்கிய பொருள் என்றால் வழக்கு நிற்காது என்பதும் பாதி உண்மை. பிழைப்புக்காகத் தானே பரோட்டாக் கடை நடத்துபவர் வாங்கிய கிரைண்டருக்கும் வழக்குப் போடலாம்.

கூகுளில் தேடிக் கிடைத்த கஸ்டமர் கேர் நம்பரில் ஓடிபி சொல்லிப் பணம் போனால், அது நுகர்வோர் புகார் அல்ல. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

மாவட்ட ஆணையத் தீர்ப்பு ஒப்பவில்லை என்றால் 45 நாளுக்குள் மேல்முறையீடு. அதற்குச் சென்னை ஓட வேண்டியதில்லை, மாநில ஆணையத்தின் அமர்வு மதுரையிலேயே இருக்கிறது.