பிரஸ்ஸில் விரல் போன பிறகு மறுபடி வேலைக்குப் போக: ஈ.எஸ்.ஐ. வழியாக என்னென்ன செய்ய வேண்டும்

என் தம்பி அம்பத்தூரில் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) ஓட்டிக்கொண்டிருந்தான். வலது கையில் கட்டைவிரல் தவிர நாலு விரலும் போய்விட்டன. இன்று அதே கம்பெனியில், செய்த பொருளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறான். நடுவில் ஒன்றரை வருஷம் ஓடியது, அதில் பாதி எந்தக் காகிதம் முதலில் என்று தெரியாமலே போனது. இன்னொரு குடும்பத்துக்கு அந்த மாதங்கள் வீணாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கார்டு இருக்கிறது, சிகிச்சை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் விபத்து அறிக்கை. படிவம் 12 என்பார்கள், கம்பெனிதான் உடனே அனுப்ப வேண்டும். அனுப்பியாச்சு என்று வாயால் சொன்னால் போதாது, நகல் வாங்குங்கள். தேதி, நேரம், மெஷின், எந்தக் கை, இந்த நாலும் ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். முதலில் தூக்கிக்கொண்டு ஓடிய இடத்தில் தம்பிக்கு வெறுமனே ‘கையில் காயம்’ என்று எழுதிவிட்டார்கள். அது வேலையில் பட்ட அடிதான் என்று காட்டவே எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் வரும். டாக்டர் தரும் சர்டிபிகேட்டை விடாமல் ஈ.எஸ்.ஐ. பிராஞ்ச் ஆபீஸில் கொடுத்து வாருங்கள். இந்தச் சமயத்தில் வேலையை விட்டு நீக்கச் சட்டத்தில் இடமில்லை, வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள்.

அடுத்தது மெடிக்கல் போர்டு, அதாவது ஊனத்தை மதிப்பிடும் டாக்டர்கள் குழு. நாங்கள் இடறியது இங்கேதான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். தம்பிக்கு அதில் 40-க்கு மேல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய், வேறு வேலை கற்கும் மறுபயிற்சிக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று கேட்டோம். அது வேறு கணக்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அட்டையில் இருப்பது உடல் ஊனத்தின் அளவு. ஈ.எஸ்.ஐ. பார்ப்பது சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்பதை, அதைச் சொல்ல வேண்டியது அவர்களுடைய மெடிக்கல் போர்டு. சட்டத்தின் அட்டவணையில் உறுப்புவாரியாகக் கணக்கு இருக்கிறது: ஒரு கையில் நாலு விரல் போனால் 50 சதவீதம், மூன்று போனால் 30, கட்டைவிரல் மட்டும் போனால் 30. போர்டுக்குப் போகும் முன் உங்களுடையது எதில் வருகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். குறைத்துப் போட்டிருந்தால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போர்டு போடும் அந்த எண் 40-ஐத் தொட்டு, வயதும் 45-க்குள் இருந்தால்தான் பயிற்சிக்கால உதவித்தொகை. நாளுக்கு 123 ரூபாய் அல்லது பயிற்சிக் கட்டணம், எது அதிகமோ அது.

பயிற்சிக்கு கிண்டி. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் தொழில்சேவை மையம் அங்கே இருக்கிறது, பழைய ஆட்கள் வி.ஆர்.சி. என்றே சொல்வார்கள். அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல், எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி. மிச்சமிருக்கும் கையால் என்னென்ன முடியும் என்று அங்கே உட்கார வைத்துப் பார்க்கிறார்கள். விபத்துக்குப் பிறகு அவனிடம் எது போனது என்று கேட்காமல், எது முடியும் என்று கேட்ட முதல் இடம் அது. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டான்.

கடைசியாகக் கம்பெனி. ‘ஏதாவது வேலை கொடுங்க சார்’ என்று நிற்காதீர்கள், கேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். இந்த வேலை, இந்த மேஜை என்று குறிப்பாகக் கேளுங்கள், எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் தபால்தான் என் கட்சி. நாங்கள் இன்ஸ்பெக்‌ஷன் கேட்டோம். முதல் வாரமே சிக்கல்: வெர்னியரை (நுணுக்கமாக அளக்கும் கருவி) இடது கையில் பிடித்தால் அளவுகள் தலைகீழாகத் தெரிகின்றன. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தான். அப்புறம் ஃபோர்மேனே துளை பார்க்கும் வேலையை மட்டும் இவனுக்குப் பிரித்துக் கொடுத்தார். அதற்குப் பிளக் கேஜ் போதும்: ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது, படிக்க ஒன்றுமில்லை. பீஸை வலது கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கேஜை இடது கையால் விடுகிறான். எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் இப்போது அவன்தான்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டார்கள். வேலைக்குத் திரும்பினால் ஊனப் பென்ஷன் நின்றுவிடுமா என்று ஒருவர். நிற்காது. நிரந்தர ஊனத்துக்கான மாதத் தொகை, நீங்கள் சம்பளம் வாங்கினாலும் ஆயுள் முழுக்க வரும். நின்றுபோவது தற்காலிக ஊனத்துக்கு வந்த அந்த 90 சதவீதம்தான். இன்னொருவர், மூன்று விரல் போன அண்ணனுக்காகக் கேட்ட தங்கை. அம்மா, 30 என்பதால் அந்த உதவித்தொகை கிடைக்காது, ஆனால் கிண்டி மையத்துக்குப் போக ஈ.எஸ்.ஐ.யின் 40 தேவையில்லை. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நேரே கூட்டிப் போங்கள்.