வெளிநாட்டுக்கு புதுசா வந்து கழுத்து புடிச்சுக்கிச்சா? பிசியோகிட்ட (பிசியோதெரபிஸ்ட்) போறதுக்கு முன்னாடி இத படிங்க

வந்து எறங்குன முதல் சில மாசத்துல கழுத்து வலி வர்றது ரொம்ப சகஜம்ங்க. பெட்டி தூக்குனது, மேசை நாற்காலி வாங்குற வரைக்கும் கட்டில்லயே உக்காந்து லேப்டாப் பாத்தது, பழகாத தலையணை, வேலை தேடுற டென்ஷன்னு எல்லாம் சேந்து ஒரு நாள் காலைல தலைய திருப்பவே முடியாது. இந்த மாதிரி வலி பெரும்பாலும் சில வாரத்துல தானா குறைஞ்சிரும், அதுக்குன்னு கழுத்துப் பட்டைய (காலர்) மாட்டிக்கிட்டு அசையாம கெடக்காதீங்க, இறுக்கம்தான் கூடும்.

ஆனா கை மரத்துப் போகுது, பிடி நழுவுது, நடை தள்ளாடுது, சிறுநீர் கட்டுப்பாடு இல்ல, காய்ச்சலோட வலி, விழுந்து அடிபட்ட பிறகு வலி, இதுல எது இருந்தாலும் பிசியோ எல்லாம் அப்புறம், உடனே டாக்டர பாருங்க.

பல நாடுகள்ல டாக்டர் லெட்டர் இல்லாமலே நேரா பிசியோகிட்ட போகலாம், ஆனா இன்சூரன்ஸ் சில சமயம் லெட்டர் கேக்கும், அதனால எத்தனை செஷன் கவர் ஆகும்னு புக் பண்றதுக்கு முன்னாடியே விசாரிச்சிருங்க. மொழி தடுமாறும்னா மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாங்களான்னும் கேளுங்க, கூச்சப்பட ஒண்ணுமில்ல.

அங்க கையால செய்யறதுல முக்கியமா ரெண்டு வகை. கழுத்து எலும்பு மூட்டுகள மெதுவா அழுத்தி அசைக்கிறது மொபிலைசேஷன். டக்குன்னு திருப்பி சொடக்கு எடுக்குறது மேனிபுலேஷன். அந்த சத்தம் எலும்பு எடத்துல போய் உக்கார்றது இல்ல, மூட்டுக்குள்ள இருக்க திரவத்துல வாயு குமிழி உண்டாகுற சத்தம், அவ்வளவுதான். ரெண்டாவது வகைல ரொம்ப அபூர்வமா கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வரைக்கும் போனதுண்டு, நானா இருந்தா முதல் வகையே போதும்னுதான் சொல்வேன், வேணாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு. முடி வெட்டுற இடத்துல தலைய திருகி விடுறதெல்லாம் சுத்தமா வேணாம்.

கை வச்சு அமுக்குனா உடனே லேசா இருக்கும், ஆனா அது மட்டும்னா கொஞ்ச நாள்ல பழைய கதைதான். கூடவே உடற்பயிற்சி செஞ்சாதான் நிக்கும். அதனால முதல் செஷன்லயே வீட்ல என்ன செய்யணும்னு கேட்டு, அவங்க முன்னாடியே ஒரு தடவ செஞ்சு காட்டி, சரி பண்ணிக்கிட்டு வாங்க, கிடைக்கிற கொஞ்ச செஷன் படுத்து அமுக்கிவிடுறதுலயே தீந்துரக் கூடாது.

அதிகமா சொல்லித் தர்றது தாடைய பின்னால இழுக்குறது. நிமிந்து உக்காந்து, நேரா பாத்து, தாடைய கீழ குனிக்காம தலைய அப்படியே பின்னாடி தள்ளணும், ரெட்டை நாடி விழும், பாக்க கோமாளித்தனமாதான் இருக்கும். 5 செகண்ட் புடிச்சு விடுங்க, 10 தடவ. வேல செய்ய வேண்டியது கழுத்தோட உள்பக்கம் இருக்க சின்ன தசைங்கதான், முன்கழுத்துல நரம்பு புடைச்சு பல்ல கடிக்கிறீங்கன்னா ரொம்ப பலமா தள்றீங்கன்னு அர்த்தம். இதோட தோள்பட்டைய பின்னாடி சேக்குறதும் சொல்லிக் குடுப்பாங்க. லேசா இழுத்தா பரவால்ல, வலி கைக்கு எறங்குனா நிறுத்திட்டு அடுத்த தடவ சொல்லுங்க. பலம் ஏற 6 வாரத்துக்கு மேலயே ஆகலாம், வலி போன மறுநாளே விட்றாதீங்க.