ஜென்னி லிண்ட் காலத்துக் காகிதங்கள்: சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட், கேளிக்கை நிகழ்ச்சிகள் நடத்திய அமெரிக்கர் பி. டி. பார்னமின் ஏற்பாட்டில் 1850 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் கேசில் கார்டன் அரங்கில் தம் அமெரிக்கப் பயணத்தின் முதல் கச்சேரியைப் பாடினார். அந்தக் கச்சேரியின் முதல் சீட்டை ஒரு தொப்பி வணிகர் ஏலத்தில் 225 டாலருக்கு எடுத்தார். கையுறை, தொப்பி, கட்டில், கண்ணாடிக் குடுவை என எதற்கும் அவர் பெயரைச் சூட்டி விற்ற காலம் அது. அந்தக் குடுவைகளுக்கு இருபதாம் நூற்றாண்டிலும் நகல்கள் செய்தார்கள். ஆகவே, அவர் பெயரைத் தாங்கிய பொருளெல்லாம் அவர் கை பட்ட பொருள் என்று எண்ணிவிடக் கூடாது.

பொருளின் காலத்தைக் கேட்பதற்கு முன் விலையைக் கேட்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. தொடக்கத்தில் நானும் அதைத்தான் செய்தேன். "1850 பயணத்தின்போது எடுத்த படம்" என்று சொல்லப்பட்ட, உள்ளங்கையில் அடங்கும் அட்டைப் படம் ஒன்றை வாங்கி, வீட்டுக்கு வந்த பிறகே பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டப்பட்டு, அதன்மேல் பேனாவால் கோடு கிழிக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் விற்கப்பட்ட புகைப்படங்களுக்கு இந்த வரி 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்டு வரை மட்டுமே இருந்தது. கார்ட்-டி-விசிட் எனப்படும் அந்த அளவுக்கே பிரெஞ்சுப் புகைப்படக்காரர் டிஸ்டேரி 1854-இல்தான் பாரிசில் காப்புரிமை பெற்றார். அதைவிடப் பெரிய கேபினட் அட்டை 1866-இல் வந்தது. 1850-ஐச் சேர்ந்த உண்மையான புகைப்படம் வேண்டுமென்றால், வெள்ளி பூசிய தகட்டில் பதிந்த டாகுரோடைப்பைத்தான் தேட வேண்டும். அட்டைப் படங்களில் சில, பழைய படத்தையோ அச்சுச் சித்திரத்தையோ மறுபடி படமெடுத்து ஒட்டியவை. என்னுடையதும் அப்படிப்பட்டதுதான். அதை இன்னும் வைத்திருக்கிறேன். 1860-களிலும் அவர் முகத்துக்குச் சந்தை இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி.

கையெழுத்தில் ஏமாறுவது இன்னும் எளிது. படத்தின் அடியில் ஓடும் ஒப்பம் பல வேளைகளில் அச்சிடப்பட்டதாகவே இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது கோட்டின் அழுத்தம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அக்காலத்து இரும்பு மை நாளடைவில் பழுப்பேறி, சில இடங்களில் காகிதத்தின் மறுபுறம் வரை ஊறியிருக்கும். லிண்ட் 1852 பிப்ரவரி 5 அன்று பாஸ்டனில் ஓட்டோ கோல்ட்ஷ்மிட்டை மணந்தார். ஆகவே கோல்ட்ஷ்மிட் என்ற பெயருடன் இட்ட ஒப்பத்தை 1850-ஆம் ஆண்டினது என்று விற்க வருபவரிடம் பேரம் பேசவே வேண்டியதில்லை.

அரங்க அறிவிப்புத் தாள்களைப் படிப்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். கேசில் கார்டனின் முதல் நிகழ்ச்சியில் 'நார்மா' ஓபராவின் பாடல் இடம்பெற்றது உண்மைதான். ஆனால் லிண்ட் 1849-லேயே ஓபரா மேடையிலிருந்து விலகிவிட்டார், அமெரிக்காவில் அவர் பாடியவை அனைத்தும் கச்சேரிகளே. அங்கே அவர் வேடமிட்டு நடித்ததாகச் சொல்லும் தாள் எதுவானாலும் அதை நம்ப வேண்டாம். பல தாள்களில் கிழமையும் தேதியும் இருக்கும், ஆண்டு இருக்காது. செப்டம்பர் 11 புதன்கிழமையில் விழுவது 1850-இல் மட்டுமல்ல, 1844-லும் 1861-லும்கூட. எனவே அரங்கின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: லண்டன் கோவென்ட் கார்டன் 1856 மார்ச்சில் எரிந்து 1858 மே மாதத்தில்தான் மீண்டும் திறந்தது, இடைப்பட்ட நாள்களில் அங்கே எந்த நிகழ்ச்சியும் நடந்திருக்க முடியாது. தாள் அச்சாகிவிட்டது என்பதால் நிகழ்ச்சி நடந்தது என்றும் ஆகாது. பாடகிக்குத் தொண்டை கட்டினால் கடைசி நேரத்தில் ஆளோ நாடகமோ மாறும், அன்றைய நாளிதழ்தான் அதைச் சொல்லும். அமெரிக்கச் சிற்றூர்களின் 'ஓபரா ஹவுஸ்' சீட்டுகளும் இப்படித்தான்: மதிப்பான பெயர் என்பதற்காக அப்படி அழைக்கப்பட்ட பல கூடங்களில் நாடகமும் சொற்பொழிவுமே மிகுதியாக நடந்தன. கொலராடோ மாநிலத்து லெட்வில் ஊரின் டேபர் ஓபரா ஹவுஸில் 1882-இல் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு உரையாற்றினார்.

குரலைத் தேடுவோருக்கு லிண்டின் இசைத்தட்டு கிடைக்காது. அவர் 1887-இல் காலமானார், குரல்பதிவு எதுவும் எஞ்சவில்லை. அவருக்கு அடுத்த தலைமுறை ஓபரா பாடகி அடெலினா பட்டி 1905-லும் 1906-லும் வேல்ஸில் உள்ள தம் மாளிகையில் பதிவு செய்தார். அவற்றின் முதல் தட்டுகள் ஒருபுறம் மட்டுமே பதிந்தவை; இருபுறமும் பாடும் தட்டு பிற்கால வெளியீடு.

வாங்கிய பிறகு நேரும் கேடு பெரும்பாலும் நம் கையாலேயே நேர்வது. கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டுவதும், லேமினேஷன் செய்வதும், ஒப்பத்தை மட்டும் கடிதத்திலிருந்து வெட்டி எடுப்பதும் திரும்பச் சரிசெய்ய முடியாத செயல்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மரக்கூழ்த் தாள் அமிலத்தால் தானாகவே நொறுங்கும் தன்மை கொண்டது. மடிப்பைப் பலமுறை விரித்தாலே இரண்டாகப் பிரிந்துவிடும். அமிலமற்ற உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ இட்டு, தட்டையாக, வெயில் படாமல் வைக்க வேண்டும். பிவிசி உறை ஆகாது. சென்னை போன்ற கடலோர ஊரில் இருப்பவர்கள் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிர்த்து, மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுவது நல்லது. சுவரில் மாட்டத்தான் வேண்டுமென்றால் ஒரு வண்ண நகலை எடுத்துச் சட்டமிட்டு மாட்டுங்கள்.