மசாய் மாராவில் வேட்டை காணச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில், பக்கத்து வண்டியில் முதன்முறையாக வந்திருந்த நால்வர், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்ததைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. தொப்பி, தண்ணீர், உடையின் நிறம் ஆகியவற்றைப் பயண முகவரே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிங்கத்தை மட்டுமே தேடுவது

புல்வெளியில் சிங்கத்தை நமக்கு முன்பே கண்டுவிடுபவை மான்கள்தாம். கறையான் புற்றின் மேல் நிற்கும் டோபி மான் ஒரே திசையை உற்றுப் பார்த்து மூக்கால் சீறினாலோ, ஒட்டகச்சிவிங்கிகள் மெல்லுவதை நிறுத்தி ஒரே பக்கம் தலை திருப்பினாலோ, பைனாகுலரை அவற்றின் பார்வை போகும் இடத்துக்குத் திருப்புங்கள்.

பதுங்கத் தொடங்கிய சிவிங்கிப்புலியை நெருங்குவது

இன்றும் எனக்கு ஆத்திரம் மூட்டும் தவறு இதுதான். சிங்கமும் சிறுத்தையும் பெரும்பாலும் இருளில் வேட்டையாட, சிவிங்கிப்புலி (சீட்டா) பெரும்பாலும் பகலில் வேட்டையாடுகிறது. ஆகவே நம் கண்ணிலும் நம் தொல்லையிலும் அதிகம் சிக்குவது அதுவே.

என் முதல் பயணத்தில், மூன்று குட்டிகளின் தாய் ஒன்று வெகுநேரம் புற்றின் மேல் அமர்ந்திருந்துவிட்டு இறங்கி, தலையைத் தோளுக்குக் கீழே தாழ்த்தி, ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கத் தொடங்கியது. எதிரே தாம்சன் கெஸல் எனும் சிறுமான்கள் வாலை ஆட்டியபடி மேய்ந்துகொண்டிருந்தன. அதன் முகத்தைப் படமெடுக்க வேண்டும் என்று ஓட்டுநரை வற்புறுத்தி முன்னே போகச் செய்தேன். இன்ஜின் ஓசைக்கு ஒரு மானின் வால் அசைவு நின்றது. அது தலையை உயர்த்தி எங்களைப் பார்த்தது, பிறகு எங்களைத் தாண்டிப் பார்த்தது, உடனே கால்களை விறைத்துக்கொண்டு துள்ளியது. கூட்டம் கலைந்தது. தாய் புல்லிலேயே உட்கார்ந்துவிட, குட்டிகள் வந்து அதன் வாயை முகர்ந்தன.

சிவிங்கிப்புலியின் ஓட்டம் சில நூறு மீட்டருக்குள், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக முடிந்துவிடக் கூடியது என்பதால், ஓசையின்றி நெருங்கும் அந்த நடைதான் அதன் வேட்டையில் பாதி. 2018இல் வெளியான மாரா ஆய்வு ஒன்றின்படி, சுற்றுலா குறைந்த பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகள் வளர்ந்து தனித்து வாழும் பருவத்தை எட்டின. சுற்றுலா மிகுந்த பகுதிகளில் 0.2 மட்டுமே.

ஒரு விலங்கைச் சுற்றி 5 வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்ற விதிகளை ஓட்டுநர்கள் நன்கு அறிவார்கள். டிப்ஸ் ஆசை காட்டி அவர்களை மீறச் செய்துவிட்டு, பிறகு அவர்கள்மேல் பழி போடுவது பயணிகள்தாம். பதுங்கல் தொடங்கியதும் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். வேட்டை விலங்குக்கும் இரைக்கும் நடுவே உங்கள் வண்டி ஒருபோதும் வரக் கூடாது.

ஆற்றங்கரையை அடைத்து நிற்பது

ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடக்க வரும் வில்டபீஸ்ட் எனும் மாட்டுருவ மான்களின் மந்தை, கரையில் வண்டிகளைக் கண்டால் திரும்பிவிடக்கூடும். முதல் விலங்குகள் நீரில் இறங்கும்வரை விலகியே நில்லுங்கள்.

வாக்கி-டாக்கி அழைப்புகளுக்கெல்லாம் ஓடுவது

விலங்கு தென்பட்டதாக மற்ற ஓட்டுநர்கள் அழைக்கும் இடத்துக்கெல்லாம் ஓடாதீர்கள்.

சிவிங்கிப்புலியைச் சிறுத்தை என்று சொல்வது

கண்ணிலிருந்து வாய்வரை கருங்கோடு இறங்கினால் அது சிவிங்கிப்புலி, சுவாஹிலியில் டூமா.

இரை விழுந்ததும் கிளம்பிவிடுவது

சென்ற பயணத்தில் மற்ற வண்டிகள் போன பிறகும் தொலைவிலேயே நின்றிருந்தோம். மானின் தொண்டையை விட்ட தாய்ச் சிவிங்கிப்புலி, விலா எலும்புகள் ஏறியிறங்க, உண்ணவும் இயலாமல் நெடுநேரம் மூச்சிரைத்துக் கிடந்தது. கழுதைப்புலி ஏதும் வருகிறதா என்று நான்கு புறமும் பார்த்துவிட்டு, ஒரு சிறு பறவையைப் போலக் கீச்சிட்டது. உயர்ந்த புல்லுக்குள்ளிருந்து குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன.